ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத் திறப்பதும், விதைநெல்லை மரக்காலால் அளப்பதும், சீட்டுப் பணத்தை உறையிலிட்டுத் தனியே எடுத்து வைப்பதும் நம் வீடுகளில் வழக்கமாக நடப்பவை. அளவு என்னும் அந்தப் பழைய பாடத்தை 2025ஆம் ஆண்டில் நாங்கள் ஒரு புதிய பொருளைக் கொண்டு மீண்டும் படித்தோம். அப்பொருளின் பெயர் கிராஃபிக்ஸ் கார்டு.

விளையாட்டுக் கணினியைப் பற்றிப் பள்ளி மலரில் எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். முழுவதும் படித்த பின்பு முடிவு சொல்லுமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

நாங்கள் கோட்டுச்சேரியைச் சேர்ந்த அக்காள் தங்கையர் இருவர். எங்களில் மூத்தவள் பதினோராம் வகுப்பு. இளையவள் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தம்பி ஆறாம் வகுப்பில் படிக்கிறான். அப்பா ஒன்பது ஆண்டுகளாக வளைகுடா நாடொன்றில் எலக்ட்ரீஷியனாக உழைக்கிறார். காரைக்கால் பகுதியில் இப்படித் தந்தையைத் தொலைபேசியிலேயே பார்த்து வளரும் பிள்ளைகள் எங்களைப் போல் எத்தனையோ பேர்.

கணினி வேண்டும் என்று மூவரும் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டு வந்தோம். தம்பிக்குக் கிரிக்கெட் விளையாட வேண்டும். மூத்தவளுக்குப் பிளெண்டர் என்னும் மென்பொருளில் முப்பரிமாணப் படங்கள் உருவாக்கக் கற்க வேண்டும். இளையவளுக்கு அறிவியல் செயல்திட்டங்களும் காணொளித் தொகுப்பும். ஒரு வெள்ளிக்கிழமை இரவு அப்பா கூப்பிட்டார். "எழுபத்தஞ்சாயிரம் அனுப்புறேன். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. தம்பி பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் அது உழைக்கணும். நீங்க ரெண்டு பேரும் பாத்து வாங்குங்க. எதை எதுக்காக வாங்குனீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி எனக்குக் காட்டணும்," என்றார்.

செய்தி அறிந்த தாய்மாமா மறுநாளே வந்துவிட்டார். "பொம்பளப் புள்ளைங்களுக்கு இதுல என்ன தெரியும்? என் மவனை அனுப்புறேன், அவன் பாத்து வாங்கிட்டு வருவான்," என்றார். எங்கள் மீது அன்பில்லாமல் அவர் அவ்வாறு சொல்லவில்லை. பணம் வீணாகிவிடுமோ என்ற அக்கறைதான். அம்மா காப்பியைக் கொடுத்துவிட்டு, "அண்ணே, அவங்க அப்பா இதுங்களைத்தான் பாக்கச் சொல்லியிருக்காங்க. பாக்கட்டும்," என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பின் எங்கள் பொறுப்பு இரு மடங்காயிற்று. அப்பாவின் வெயில் ஒருபுறம். அம்மாவின் வாக்கு மறுபுறம். அன்று மாலையே நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினோம்.

கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் வேலை என்ன? கணினித் திரை நுண்ணிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. சாதாரணத் திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600. விளையாட்டில் பந்து ஓடுவது கண்ணுக்கு இயல்பாகத் தெரிய வேண்டுமானால் நொடிக்கு 60 முறையாவது படத்தைப் புதிதாக வரைய வேண்டும். அதாவது ஒரு நொடியில் பன்னிரண்டு கோடிக்கும் அதிகமான புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும்!

இதைக் கணினியின் முதன்மைச் செயலி தனியே செய்ய இயலாதா என்று தம்பி கேட்டான். அவனுக்கு நடவு வயலைக் காட்டினோம். ஆறு தேர்ந்த விவசாயிகள் இருக்கிறார்கள். எந்த வேலையைக் கொடுத்தாலும் யோசித்துச் செய்வார்கள். ஆனால் ஐந்து ஏக்கரை ஒரே நாளில் நட வேண்டுமென்றால் அந்த ஆறு பேர் போதாது. வரிசையாக ஐம்பது பெண்கள் இறங்கி, ஒவ்வொருவரும் ஒரே சிறு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். முதன்மைச் செயலியில் இருப்பவை ஆறு அல்லது எட்டு வலிய உட்கருக்கள். கிராஃபிக்ஸ் கார்டில் இருப்பவை ஆயிரக்கணக்கான எளிய உட்கருக்கள். நாங்கள் பார்த்த கார்டு ஒன்றில் அவற்றின் எண்ணிக்கை 3,584. தம்பி புரிந்துகொண்டான். அன்றிலிருந்து கிராஃபிக்ஸ் கார்டுக்கு எங்கள் வீட்டில் 'நடவு ஆள்' என்றே பெயர்.

இந்த நடவு ஆளின் வரலாறும் சுவையானது. என்விடியா நிறுவனம் 1993இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 1999இல் 'ஜீஃபோர்ஸ் 256' என்ற கார்டை வெளியிட்டு, உலகின் முதல் ஜி.பி.யு. என்று அதை விளம்பரப்படுத்தியது. வாங்கியவர்கள் பெரும்பாலும் விளையாட்டுப் பிரியர்கள். 2012இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கெவர், ஜெஃப்ரி ஹின்டன் ஆகிய மூவரும் படங்களை அடையாளம் காணக் கணினியைப் பழக்கினார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியவை கடையில் விற்கும் இரண்டு விளையாட்டுக் கார்டுகளே. இன்று உலகமே பேசும் செயற்கை அறிவின் பெரும் பாய்ச்சல் அங்கிருந்து தொடங்கிற்று எனலாம். ஹின்டனுக்கு 2024இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விளையாட்டுச் சாமான் என்று ஒரு பொருளை எளிதாக ஒதுக்கிவிடலாகாது அன்றோ?

மூத்தவளின் ஆசைக்கும் ஒரு சான்று உண்டு. பிளெண்டர் யார் வேண்டுமானாலும் காசின்றிப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். லாத்வியா நாட்டின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் அதைக் கொண்டே 'ஃப்ளோ' என்ற படத்தை உருவாக்கினார். வெள்ளத்தில் தப்பிக்கும் ஒரு பூனையின் கதை. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. 2025 மார்ச்சில் சிறந்த அசைவூட்டப் படத்துக்கான ஆஸ்கார் விருதை அது பெற்றது. வெள்ளம் என்றால் என்னவென்று கடற்கரையோரப் பிள்ளைகளாகிய எங்களுக்கும் தெரியும். நாங்கள் ஏன் ஒரு கதை சொல்லக்கூடாது என்பது மூத்தவளின் கேள்வி.

நிற்க. நோட்டின் முதற்பக்கத்தில் நாங்கள் எழுதியது கார்டின் பெயரையல்ல, திரையின் அளவை. திரை 1,920க்கு 1,080 என்றால் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளி. 2,560க்கு 1,440 என்றால் ஏறத்தாழ 37 இலட்சம். 'நான்கு கே' எனப்படும் 3,840க்கு 2,160 என்றால் 83 இலட்சம், அதாவது முதலாவதைப் போல் சரியாக நான்கு மடங்கு. திரை பெரிதாகப் பெரிதாக நடவு ஆளுக்கு நிலமும் கூடுகிறது, கூலியும் கூடுகிறது. எங்கள் பணத்துக்கு வாங்க முடிந்தது முதல் வகைத் திரை; நொடிக்கு 75 படங்களைக் காட்டுவது. கார்டு நொடிக்கு 140 படம் வரைந்து தள்ளினாலும் அந்தத் திரை 75க்கு மேல் காட்டாது. இந்த ஒரு கணக்கைப் போட்டவுடனேயே, விளம்பரங்களில் கண்ட விலையுயர்ந்த கார்டுகள் பல தாமாகவே விலகிப் போயின. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இதுதான்.

மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு கார்டுக்கு என்று வைத்துக்கொண்டோம். விளையாட்டுக் கணினிக்கு இது நடைமுறையில் ஒத்துவரும் அளவு. அதன்படி 25,000 ரூபாய். மிஞ்சினால் சற்றுக் கூடலாம். அந்த எல்லையிலும் அதற்குச் சற்று மேலும் ஐந்து கார்டுகள் நின்றன. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 3060, 2021இல் வந்தது, 12 ஜி.பி. நினைவகம். அதே நிறுவனத்தின் 4060, 2023இல் வந்தது, 8 ஜி.பி. அதற்கடுத்த 5060, 2025 மே மாதம் வந்தது, அதுவும் 8 ஜி.பி. இன்டெல் நிறுவனத்தின் ஆர்க் பி580, 2024 டிசம்பரில் வந்தது, 12 ஜி.பி. ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி., 2025 ஜூனில் வந்தது, 16 ஜி.பி.

இவற்றுள் கடைசிக் கார்டு சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை வாங்கினால் எல்லையை வெகுவாகத் தாண்டிவிடும். மின்சாரப் பெட்டியிலும் திரையிலும் கைவைக்க வேண்டிவரும். வேட்டி வாங்கப் போய்த் துண்டையும் விற்ற கதையாகிவிடும். ஆகவே அதைப் பெருமூச்சுடன் அடித்தோம்.

இன்டெல்லின் பி580 எங்களைப் பல நாள் மயக்கியது. விலை நியாயம், நினைவகமும் 12. ஆனால் நாங்கள் தேர்ந்திருந்த செயலி ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600. ஆறு உட்கரு கொண்ட, 2022இல் வந்த சிக்கனமான செயலி. பி580 போன்ற கார்டு, தன் வேலையில் ஒரு பகுதியை முதன்மைச் செயலியின் தலையில் சுமத்துகிறது. செயலி பழையதாகவோ எளியதாகவோ இருந்தால் கார்டின் வேகம் சில விளையாட்டுகளில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பதைச் சோதனையாளர்கள் 2025 ஜனவரியில் எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் குறைபாடு கண்ட செயலிகளில் எங்கள் 5600உம் ஒன்று! நல்ல மாடு, நல்ல வண்டி. ஆனால் நுகத்தடி பொருந்தவில்லை. கார்டைத் தனியே பார்த்து முடிவு செய்தல் தகாது, அது எந்தச் செயலியுடன் வாழப் போகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அங்கே அறிந்தோம்.

மீதமிருந்தவை 3060, 4060, 5060. இப்போது வீட்டுக்குள்ளேயே போட்டி. தம்பிக்குப் புதிய கார்டு வேண்டும். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. பழைய 3060ஐ விட 4060 ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடியது. 5060 இன்னும் விரைவானது. புதியவை இரண்டு படங்களுக்கு இடையே ஒரு படத்தைத் தாமே ஊகித்து வரைந்து சேர்க்கும் வித்தையும் அறிந்தவை. மின்சாரமும் குறைவு. 3060 இழுப்பது 170 வாட். 4060 இழுப்பது 115 வாட்.

மூத்தவளுக்கோ நினைவகம் வேண்டும். நினைவகம் என்பது சமையலறை மேடை போன்றது. அடுப்பு எவ்வளவு வேகமாக எரிந்தாலும், நறுக்கிய காய்களை வைக்க மேடையில் இடமில்லையென்றால் ஒவ்வொன்றுக்கும் கொல்லைப்புறம் ஓட வேண்டும். காட்சியில் உள்ள சுவர், மரம், மணல் ஆகியவற்றின் மேற்பரப்புப் படங்களெல்லாம் கார்டின் நினைவகத்தில் தங்க வேண்டும். இடம் போதாவிட்டால் விளையாட்டு விக்கி விக்கி ஓடும். பிளெண்டரிலோ வேலை வெகுவாகத் தளர்ந்துவிடும், அல்லது பாதியில் நின்றே போகும். வேகம் குறைந்தால் சற்றுக் காத்திருக்கலாம். இடம் இல்லாவிட்டால் காத்திருந்தும் பயனில்லை. வேகத்தைக் குறைத்துக்கொள்ள விளையாட்டிலேயே வழிகள் உண்டு. நினைவகத்தைப் பின்னால் கூட்டிக்கொள்ள வழியே இல்லை, கார்டுடன் வந்ததுதான்.

மூன்று நாள் வழக்கு நடந்தது. நீதிபதி இளையவள். அவள் தம்பியை அழைத்து, அவன் விளையாட விரும்பும் விளையாட்டுகளை நோட்டில் எழுதச் சொன்னாள். கிரிக்கெட், கால்பந்து, மைன்கிராஃப்ட், கார் ஓட்டம். இவை நான்கையும் எங்கள் திரையின் அளவில் 3060 நன்றாகவே ஓட்டும். புதிய கார்டு தரும் கூடுதல் வேகத்தின் பெரும்பகுதியை 75 படத் திரை காட்டவே போவதில்லை. "உனக்கு எது குறையுதுன்னு சொல்லு," என்று அவள் கேட்டபோது தம்பி நெடுநேரம் யோசித்து, "பேருதான் பழசா இருக்கு," என்றான். வழக்கு முடிந்தது. மூத்தவளும் ஒன்றை விட்டுக்கொடுத்தாள். விடுமுறை நாட்களில் காலை நேரம் முழுவதும் தம்பிக்கு.

தீர்ப்பில் ஒரு குறையையும் மறைக்காமல் எழுதினோம். 55 வாட் அதிகம். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 யூனிட் மின்சாரம் கூடும். கார்டின் விலையில் எங்களுக்கு மிஞ்சிய பணம் அந்த இழப்பைச் சில ஆண்டுகளுக்கேனும் ஈடுகட்டும் என்பதையும் பக்கத்திலேயே எழுதினோம்.

இவ்விடத்தில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. ஆர்.டி.எக்ஸ். 3060 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் உள்ளன. முதலில் வந்தது 12 ஜி.பி. 2022இல் 8 ஜி.பி. கொண்ட இன்னொன்றும் வந்தது. நினைவகத்துக்குச் செல்லும் பாதையும் அதில் குறுகல்: முன்னதில் 192 பிட், பின்னதில் 128 பிட். பெயர் ஒன்று, பெட்டி ஒன்று போல், ஆனால் ஆள் வேறு. பெட்டியின் மேல் 12 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பணம் கொடுக்க வேண்டும். பில்லிலும் அந்த எண்ணை எழுதச் சொல்ல வேண்டும்.

பழைய கார்டை இரண்டாம் கையாக வாங்கலாமே என்று மாமா யோசனை சொன்னார். அதையும் ஆராய்ந்தோம். 2021இல் மின்நாணயம் ஈட்டுவதற்காக இக்கார்டுகளை இரவு பகலாக ஓட்டியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அப்போது கடையில் கார்டு கிடைப்பதே அரிதாயிற்று. விலை தாறுமாறாக ஏறிற்று. 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது, அத்தொழில் படுத்தது. உழைத்துத் தேய்ந்த கார்டுகள் பழைய சாமான் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றுள் நல்லவையும் இருக்கலாம். ஆனால் உத்தரவாதமில்லாமல் பொறுக்கி எடுக்கும் அனுபவம் எங்களுக்கில்லை. அப்பாவின் பணத்தில் சூதாட வேண்டாம் என்று புதியதையே நாடினோம்.

நோட்டின் பத்துப் பக்கங்களைப் படம் பிடித்து அப்பாவுக்கு அனுப்பினோம். கார்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்? வீட்டுல எர்த் இருக்கா?" இவ்விரண்டே கேள்விகள்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கேற்ற 12 வோல்ட் முதலிய அளவுகளுக்கு மாற்றித் தரும் பெட்டி. தாய்ப்பலகையில் கார்டு செருகப்படும் இடம் 75 வாட் வரையே தரும். அதற்கு மேல் வேண்டியதை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் தனிக் கம்பி தர வேண்டும். எட்டு ஊசிக் கம்பி ஒன்று 150 வாட் தரும். இயற்பியல் வகுப்பில் படித்ததைக் கொண்டு பார்த்தால், 170 வாட்டை 12ஆல் வகுக்க 14 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. மட்டமான பெட்டி இதைத் தாங்காது. தான் கெடுவதுடன் கார்டையும் சேர்த்துக் கெடுக்கும். கார்டு தயாரித்தவர்கள் கேட்பது 550 வாட். நாங்கள் நல்ல தரமான 650 வாட் பெட்டிக்கு இடம் ஒதுக்கினோம்.

எர்த் பற்றிய கேள்விக்கு எங்களிடம் பதிலில்லை. எங்கள் வீடு தாத்தா காலத்து ஓட்டு வீடு. மூன்று ஓட்டை பிளக் இருந்தது. மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. பழைய ஃப்ரிட்ஜைத் தொட்டால் கை சுரீரென்று இழுக்கும்; நாங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு திறந்து பழகியிருந்தோம். "கம்ப்யூட்டர் இருக்கட்டும். முதல்ல எர்த். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் எர்த் போட்டுக் குடுத்தேன்," என்று சொன்ன அப்பா அதற்குப் பின் சற்று நேரம் பேசவில்லை. மறுவாரமே உள்ளூர் எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, குழாயைப் பதித்துக் கம்பி இழுத்தார். அப்பா காணொளியில் இருந்தபடி ஒவ்வொரு முடிச்சையும் பார்த்தார். செலவு அம்மாவின் சீட்டுப் பணம். ஃப்ரிட்ஜ் இப்போது கையை இழுப்பதில்லை. ஒரு கார்டைத் தேடப் போய் வீட்டுக்கே பாதுகாப்பு வந்தது. இந்த ஒன்றுக்காகவே நோட்டு எழுதியது தகும்.

யு.பி.எஸ். வாங்குவதிலும் ஓர் எண் ஏமாற்றும். 600 வி.ஏ. என்று எழுதியது பெரும்பாலும் 360 வாட்டையே தாங்கும். விளையாட்டு ஓடும்போது எங்கள் கணினியும் திரையும் சேர்ந்து முந்நூறு வாட்டைத் தாண்டும் என்பதால் 600 வாட் தாங்கும் 1,000 வி.ஏ. வகையைக் குறித்தோம். மழைக்காலத்தில் மின்சாரம் எத்தனை முறை போய் வரும் என்பது நம் ஊராருக்குத் தெரியும்.

கடற்காற்றையும் மறக்கவில்லை. உப்பு ஈரம் உலோகத்தை அரிக்கும். அறுவடைக் காலத் தூசி விசிறியை அடைக்கும். ஆகவே முன்பக்கம் வலையுள்ள, வலையைக் கழற்றித் துடைக்கக்கூடிய கேபினட்டைத் தேர்ந்தோம். ஐப்பசி மழையில் திண்ணை வரை தண்ணீர் ஏறும் வீடாதலால் அது தரையில் அல்ல, மேசை மேல்தான். கார்டு உள்ளே பிடிக்குமா என்று தம்பி கேபினட்டின் உள்நீளத்தைக் கேட்டறிந்து, அட்டையை அதே அளவு வெட்டி அளந்து பார்த்தான்.

விலையைக் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் சென்னையிலும் விசாரித்தோம். 2017 முதல் கார்டுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு; ஆகவே வரி சேர்த்த விலையைத்தான் ஒப்பிட வேண்டும். எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் கிடைத்தது சென்னையில். சுமார் 300 கிலோமீட்டர். ராயப்பேட்டையில் அத்தை வீடு இருந்ததால் தங்கச் செலவில்லை. ஆகஸ்டு மாத விடுமுறையில் அம்மாவுடன் புறப்பட்டோம்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவையும் நரசிங்கபுரம் தெருவையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு திருகாணி முதல் முழுக் கணினி வரை விற்கும் கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. நாங்கள் நோட்டுடன் நுழைந்த கடையில் இருந்தவர், "தம்பிக்கா, கேமிங்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். "எங்களுக்கு," என்றாள் மூத்தவள். வரிசையாக எட்டுப் பொருள்களைச் சொன்னோம். "8 ஜி.பி. போதும், சீப்பா வரும்," என்றார். ஏன் 12 வேண்டும் என்பதை இளையவள் மூன்றே வாக்கியத்தில் சொன்னாள். அவர் சிரித்து, நாற்காலி போட்டு எங்களை உட்கார வைத்தார். அதன் பின் அவர் பேசியதெல்லாம் அம்மாவைப் பார்த்தல்ல, எங்களைப் பார்த்து! பெட்டியின் எண்ணும் பில்லின் எண்ணும் ஒன்றா என்று ஒத்துப் பார்த்து, உத்தரவாத ஆண்டுகளை எழுதி வாங்கினோம்.

கணக்கு இது. கார்டு 25,200. செயலி 9,800. தாய்ப்பலகை 8,900. 16 ஜி.பி. நினைவகம் 3,600. ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. 5,200. எஸ்.எம்.பி.எஸ். 5,400. கேபினட் 3,600. திரை 7,600. விசைப்பலகையும் மவுசும் 1,000. யு.பி.எஸ். 4,500. ஆகக் கூடுதல் 74,800 ரூபாய். மிச்சம் 200. விண்டோஸ் உரிமத்துக்கு அம்மா தனியே கொடுத்தார். இதை யாரும் விலைப்பட்டியலாகக் கொள்ள வேண்டாம். செயற்கை அறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கத் தொடங்கியதால், அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. விலை மாறும், கேள்விகள் மாறா.

கணினி இப்போது கூடத்தில் இருக்கிறது. அறைக்குள் அல்ல, எல்லாரும் பார்க்கும் இடத்தில் என்பது அம்மாவின் விதி. பள்ளி நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாட்டு இல்லை. வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. தம்பி மட்டை பிடிப்பதை அவர் கைப்பேசித் திரையில் பார்த்து, "லெக் சைடுல ஆள் நிக்கிறான்டா," என்று கடலுக்கு அப்பாலிருந்து கத்துவார். மூத்தவள் காரைக்கால் கடற்கரைக் கலங்கரை விளக்கத்தை முப்பரிமாணத்தில் உருவாக்கி வருகிறாள். மணலும் அலையும் சேர்த்த பின் காட்சி 9 ஜி.பி. நினைவகத்தைப் பிடித்தது. எட்டை வாங்கியிருந்தால் என்னாகும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பிதான் அந்த எண்ணைக் காட்டித் தலையாட்டினான். மாமா தம் மகனுக்குக் கணினி வாங்க எங்கள் நோட்டை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.

அன்புத் தோழியரே! கணினியானாலும், தையல் இயந்திரமானாலும், நாளைக்கு நாம் சேரப் போகும் கல்லூரியானாலும், கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றே. இது யாருக்கு? எதற்கு? எத்தனை காலத்துக்கு? ஏற்கெனவே நம்மிடம் உள்ளவற்றுடன் பொருந்துமா? பின்னால் கூட்டிக்கொள்ளக் கூடியது எது, கூடாதது எது? இந்தப் பணத்தை ஈட்டியவர் யார்? இவற்றைத் தாளில் எழுதி விடை கண்டுவிட்டால், "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவருக்கு நாம் பதில் தேட வேண்டியதில்லை, தாளை நீட்டினால் போதும்.